நீலம் பாய்ந்த உளி



போன வாரம் எங்கள் வீட்டு வாசல் கதவு மழையில் உப்பி, நிலையில் பிடித்துக்கொண்டது. சரிசெய்ய வந்தவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. வேலை முடிந்ததும் பரணில் கிடந்த என் அப்பாவின் உளியை எடுத்துக் காட்டினேன். நுனியைப் பார்த்தவுடனே, "சார், இத யாரு மோட்டார் சாணையில வெச்சது?" என்றார்.

நான்தான். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம் அது. தச்சுவேலை செய்த அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது. அவர் உளி தீட்ட உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஆகும். நான் கெட்டிக்காரத்தனமாக அதை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் ஓடுகிற சக்கரத்தில் அழுத்திப் பிடித்தேன். பொறி பறந்தது, இரண்டே நிமிடத்தில் பளபளப்பு. நுனியில் மட்டும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலம். அப்பா பார்த்தார். "துவைச்சல் போச்சுடா" என்றார். திட்டவில்லை. வேறு உளியை எடுத்துக்கொண்டார்.

அந்த நீலம் அழகுக்கு வருவதில்லை. உளி இரும்பு சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டுவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அதோடு கொல்லன் ஏற்றிய கடினம் இறங்கிவிடும். எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

"நீலம் உள்ள மட்டும் தேய்ச்சு எடுத்துட்டா அடியில நல்ல இரும்பு இருக்கும் சார்" என்று என் மாணவர் பையிலிருந்து கல்லை எடுத்தார். கடைகளில் கிடைக்கும் இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல்தான். முதலில் கண்ணாடி மேல் 80 நம்பர் வாட்டர் பேப்பரை வைத்து, அதில் கல்லையே தேய்த்துச் சமப்படுத்தினார். நடுவில் குழி விழுந்த கல்லில் தீட்டினால் உளி நேராக வராதாம். பிறகு கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, கரட்டுப் பக்கத்தில் சாய்வு மாறாமல் தேய்த்தார். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. நீலம் போனதும் நைசுப் பக்கம். கடைசியாகப் பின்புறத்தைப் படுக்கவைத்துப் பிசிரை எடுத்து, பழைய தோல் வாரில் நாலு இழுப்பு.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? கல்லின் பெயர்க் கதையை அவருக்குச் சொன்னேன். நம் 'குருந்தம்' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆனது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அந்தக் கல் உண்டு. அதைப் பொடித்து அரக்கில் குழைத்துத்தான் முன்பு சாணைச் சக்கரம் செய்தார்கள். 1891இல் அமெரிக்காவில் அச்சேசன் என்பவர் மின் உலையில் புதிய கடினப் பொருள் ஒன்றைக் கண்டார். கரியும் குருந்தமும் சேர்ந்தது என்று நினைத்துக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் சேர்ந்தது. பெயரில் மட்டும் நம் சொல் தங்கிவிட்டது. நம் ஏலாக்குறிச்சியில் கொள்ளிட மணலைக் கட்டையில் தூவி அரிவாள் தீட்டுவார்களே, அதுவும் இதே கணக்குத்தான். மணல் இரும்பைவிடக் கடினம்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: "கரட்டுக் கல்லு கோணல எடுக்க மட்டுந்தான் சார். அதோட நிறுத்திடணும். அதுலயே தேய்ச்சுக்கிட்டிருந்தா கூர் வராது, இரும்புதான் தேயும். உப்புத்தாளும் அப்படித்தான். 80 போட்டா 120, அப்புறம் 220. மரத்தோட ரேகை ஓடுற பக்கமாத்தான் தேய்க்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. வகுத்தல் வரவில்லை என்று இவரைப் பல நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், இன்று கதவின் அடி, அங்குலக் கணக்கை எனக்கு முன்னால் போட்டு முடித்தார். கணக்கு அவருக்கு வராமல் இல்லை. எனக்குத்தான் பொறுமை வரவில்லை. இதை அவரிடமே சொன்னேன். "விடுங்க சார்" என்றார். அவர் விட்டுவிட்டார். நான் விடுவது சரியில்லை.

இதைப் படிப்பவர்களில் என் கரட்டுக் கல்லில் தேய்ந்தவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள். நீலம் பாய்ந்தபின் சரிசெய்ய நேரம் அதிகம் பிடிக்கிறது.

உளி இப்போது பரணில் இல்லை. அவர் பையில் இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் அவரும் அங்கேதான் கொடுத்திருப்பார்.

நலமாக இருங்கள்.