மண்ணெண்ணெயில் ஓடிய மைனர்

மேனாட்டில் விரைவுக் கார்களைப் பேணி வருவோரிடையே வழங்கும் ஒரு கருத்துண்டு. பழைய விரைவுக் காரை வாங்கும் விலை பெரிதன்று. வாங்கியபின் அதனை ஓட வைத்திருக்கும் செலவே பெரிது என்பர். 1990களின் பிற்பகுதியில் வெளிவந்த போர்ஷே 911 இனை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அதன் எஞ்சினுள் இடைத்தண்டைத் தாங்கி நிற்கும் பெயாரிங் கையகலமும் இல்லாத ஒன்று. அது உடைந்தால் எஞ்சின் முழுவதுமே பாழாகிவிடும். காரின் வயது ஏற ஏற அதன் விலை இறங்கும். உதிரிப்பாகத்தின் விலையோ இறங்குவதில்லை. பழங்கார் வைத்திருப்போர் எல்லோரும் அறிந்த கணக்கு இது.

அக்கராயனில் போர்ஷே எதுவும் ஓடியதாக நான் அறியேன். எனினும் விரைவுக் காரொன்றின் உடன்பிறப்பு எமது குடும்பத்தில் உண்டு. 1958 இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் இருவர் கார் இளைஞரின் கனவாக விளங்கியது. அதில் பூட்டப்பட்டிருந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் எமது மொறிஸ் மைனர் 1000 இன் எஞ்சினும் ஒரே குலத்தவை. ஸ்பிறைற்றுக்கு இரண்டு காபரேற்றர்கள், 43 குதிரைவலு. மைனருக்கு ஒன்றே காபரேற்றர், 37 குதிரைவலு. அண்ணன் பந்தயத்துக்குப் போனான், தம்பி வயலுக்கு வந்தான் என்று பெரியப்பா சொல்லிச் சிரிப்பதுண்டு.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948 இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. எமது கார் 1959 ஆம் ஆண்டினது. (1957 இல் இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டபோது வடக்கிலே எழுந்த எதிர்ப்பை அறிந்தோர் அத்தகட்டைப் பார்த்ததும் ஒரு கதை தொடங்குவர், அது வேறு கட்டுரைக்குரியது.) வாகன இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகத் தொடங்கிய 1960களின் முற்பகுதியில் பாட்டனார் அதனை யாழ்ப்பாணத்திலே கைமாற்றாக வாங்கி, குளத்து வாய்க்கால் நீரை நம்பி நெல் விதைக்க வந்த இம்மண்ணுக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் காரின் முதன்மையான நோய் முன்காலில் உள்ளது. சக்கரத்தைத் தாங்கும் நிலைத்தண்டின் இரு முனைகளும் புரியிட்ட மூட்டுகளிலே திருகப்பட்டிருக்கும். அப்புரிகளுக்கு உயிர் கிறீஸ். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்ற வேண்டும் என்பது இங்கிலாந்தின் தார்வீதிக்கு வகுத்த விதி. முறிகண்டியிலிருந்து அக்கராயன் நோக்கி வரும் கிறவல் வீதியில், கோடையிற் செம்புழுதியும் மாரியிற் சேறும் மூட்டினுள் புகுந்து கிறீஸை அரைக்கும் பசையாக மாற்றிவிடும். புரி தேய்ந்தால் ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது, தண்டு மூட்டைவிட்டுக் கழன்று சக்கரம் மடிந்து கிடக்கும். ஆதலால் பெரியப்பா மாதந்தோறும் கிறீஸ் ஏற்றினார். இரண்டாம் நோய் பிறேக்கினது. அதன் தலைமைச் சிலிண்டரை ஓட்டுநரின் காலடித் தகட்டின்கீழ் ஒளித்துவைத்த இசிகோனிஸை அவர் ஒருபோதும் மன்னித்ததில்லை. துருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அது எல்லாப் பழங்கார்களுக்கும் பொது.

இவையெல்லாம் வழக்கமான செலவுகள். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை வேறொரு கணக்கைத் திறந்தது. பெற்றோலும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மண்ணெண்ணெய் மட்டும் அளவுபடுத்தி வந்தது. வடக்கிலே பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் அதிலேயே ஓடின.

இதிலுள்ள நுட்பம் புதியதன்று. 1949 இல் வந்த பெர்கசன் டி.ஈ.டி. 20 உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் போன்றதோர் எரிபொருளுக்கு மாறும்படி ஆலையிலேயே அமைக்கப்பட்டது. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றர் வாயில் விட்டு எஞ்சினை இயக்கி, அது வெம்மை பெற்றபின் மண்ணெண்ணெயை விடுவர். றேடியேற்றரின் ஒரு பகுதியை மட்டை கொண்டு மறைத்துச் சூட்டைக் காப்பர். மண்ணெண்ணெய் அழுத்தத்தையும் தாங்காது. விரைவில் வெடித்து எஞ்சினைத் தட்ட வைக்கும். இன்றைய விரைவுக் கார்களின் அழுத்த விகிதம் 12:1 ஐயும் தாண்டுவதுண்டு. அத்தகைய எஞ்சின் இவ்வுணவை ஒருநாளும் உண்ணாது. எமது மைனரின் 8.3:1 கூட அதிகமென்று கண்ட மெக்கானிக், இரட்டை ஹெட் கஸ்கட் இட்டு அதனைத் தணித்தார். உடன்பிறப்பிடம் இருந்த கொஞ்ச வேகத்தையும் அவ்வாறு கழற்றி எறிந்தே அதனை வாழ வைத்தோம்.

ஆனால் அதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைந்திராது, கூடியிருக்கும். அறியாதவன் மகிழ்வான். பெரியப்பாவுக்கோ அன்றிரவு உறக்கம் வராது. நீர்த்துப்போன ஒயில் பெயாரிங்குகளைக் காக்காது என்பதை அவர் அறிவார். அவருடைய செலவுக் கொப்பி இன்றும் உள்ளது. 1997 ஆம் ஆண்டுப் பக்கங்களிற் பணத்தொகை அரிது. "றிங் செற் — நெல் இரண்டு மூடை", "பிளக் நான்கு, பழையன — தேங்காய் ஐம்பது" என்றவாறு அது செல்கின்றது. வரவுப் பக்கம் வெறுமை. 1996 இல் கிளிநொச்சி நகரும் இடம்பெயர்ந்தபின் அக்கராயனும் கந்தபுரமும் மக்களால் நிரம்பி வழிந்தன. அந்நாள்களில் இரவிலே கதவு தட்டப்படுவது பெரும்பாலும் பிரசவத்துக்காக அல்லது பாம்புக் கடிக்காக. யாரிடமும் அவர் கூலி வாங்கியதில்லை. "மண்ணெண்ணெய் இருந்தாற் கொண்டு வாங்கோ, இல்லாட்டி ஏறுங்கோ" என்பார்.

இதே 1990களில் தென்னிலங்கையிலே டியூரபிள் கார் கம்பனி என்னும் நிறுவனம் மொறிஸ் மைனருக்கான தகடுகளைச் செய்து, பழங்கார் பேணும் ஆங்கிலேயருக்காக இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்துவந்தது. அதே நாட்டின் வடக்கில், தகர எண்ணெய்ப் பீப்பாவை வெட்டித் தட்டியே எமது காரின் அடித்தளம் ஒட்டப்பட்டது. இதைப் பிற்காலத்தில் அறிந்தபோது எனக்குச் சினம் வந்தது. பெரியப்பாவுக்கு வந்தது வியப்பு மட்டுமே. "அவங்கள் நல்லாச் செய்திருப்பாங்கள்" என்றார்.

2002 இல் தடை நீங்கிப் பெற்றோல் வந்தது. 2008 இல் நாம் மீண்டும் புறப்பட்டபோது, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடியதையே ஏற்றினோம். கார் புளியமரத்தடியில் நின்றது. 2010 இல் திரும்பியபோது ரயரும் இருக்கைகளும் கண்ணாடிகளும் இல்லை. எஞ்சின் மட்டும் இருந்தது. எவராலும் தூக்க முடியவில்லைப் போலும். அதனை மீண்டும் ஓட வைப்பதற்கான செலவில் இரு மோட்டார் சைக்கிள்கள் வாங்கியிருக்கலாம் என்று பெரியம்மா இன்றும் சொல்வார். அவர் கூற்றிற் பிழையில்லை. இதற்கு மேலாக ஆண்டுதோறும் வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் ஆகியவற்றுக்கும் பணம் வேண்டும்.

2022 இன் நெருக்கடியிற் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது ஊரில் இளையோர் சிலர் மண்ணெண்ணெய் வித்தையைக் கேட்டு வந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று; கேள்வியும் அத்தோடு நின்றது. 2020 தொடக்கம் 2025 வரை நீடித்த இறக்குமதித் தடையினாற் பழங்கார்களின் விலையேறிற்று. தெற்கிலிருந்து தரகர் ஒருவர் வந்து, திருமண ஊர்வலங்களுக்கு அலங்கரித்து விடுவதற்காக எமது மைனரைப் பெருந்தொகைக்குக் கேட்டார். கடன் அடைக்கும் தேவை வீட்டிலிருந்தது. பெரியம்மா விற்கலாம் என்றார், நானும் அவ்வாறே எண்ணினேன். பெரியப்பா மறுக்கவில்லை. "தம்பி, முன்சில்லுக்குக் கிறீஸ் ஏத்திற நிப்பிள் எத்தினை?" என்று மட்டும் தரகரைக் கேட்டார். இருபுறமும் மேலொன்று கீழொன்றாக நான்கு. அவருக்குத் தெரியவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

கடன் இன்னும் முழுமையாக அடையவில்லை. சென்ற மாரியின் பின்னர் இடப்பக்கக் கீழ்மூட்டு ஆடத் தொடங்கியுள்ளது. இலண்டனிலுள்ள தம்பி புதிய மூட்டொன்றை வாங்கித் தபாலில் இட்டிருக்கிறான். தபாற்செலவு மூட்டின் விலையைவிட அதிகம். பொதி வரும்வரை காரின் முன்பகுதி கிடுகுக் கொட்டிலில் இரு மரக்குற்றிகளின்மேல் நிற்கின்றது.