புழுவா, ரப்பர் தவளையா? ஆரணி ஏரிக்கரைக் குறிப்புகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆரணியில் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறும். பாவு ஈரம் ஏறி நெய்ய வராது. தறி நிற்கிற அந்த நாட்களில்தான் ஜவ்வாது மலைப் பக்கமிருந்து கமண்டல நாகநதியில் நீர் இறங்கும். சேவூர், இரும்பேடு என்று சுற்றுப்பட்ட ஊர் ஏரிகளில் தண்ணீர் ஏறும். வேலை இல்லாத கை தூண்டிலைத் தேடும். நெசவுக்காரர் பலர் நல்ல தூண்டில்காரர்களாக இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை. இழை இழுபடுவதை விரலால் அறிகிறவருக்கு, தூண்டில் நரம்பின் அந்த முனையில் மீன் மூக்கால் தட்டுவதும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கரையில் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வரும்: உயிர் இரை நல்லதா, கடையில் விற்கிற செயற்கை இரை நல்லதா? இதைப் பற்றி அவ்வப்போது எழுதிவைத்தவை இவை.

*

இரையைப் பற்றிக் கேட்பதற்கு முன் மீனைப் பற்றிக் கேட்க வேண்டும். அது எதனால் தேடுகிறது? கண்ணாலா, மூக்காலா, மீசையாலா?

விரால்: கண்ணாலும் அதிர்வாலும் வேட்டையாடும். செடி மறைவில் அசையாமல் நின்று பாயும். அசையாத பொருளை அதிகம் சட்டை செய்யாது.

கெளுத்தி: மீசைக்காரன். கெளுத்தி இனங்களுக்குச் சுவை அறியும் மொட்டுகள் வாயில் மட்டுமல்ல, மீசையிலும் உடம்புத் தோலிலும் உண்டு. இருட்டும் கலங்கலும் அதற்கு ஒரு தடையே இல்லை.

கட்லா: வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்மட்டத்து நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். ரோகு நடுமட்டம். மிர்கால் தரையோடு தரையாக மேயும். மூன்றுக்கும் வாசனையும் மாவும்தான். இந்த மூன்றையும் ரப்பர் மீனால் ஏமாற்ற நினைப்பது வீண் வேலை.

ஜிலேபி: 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது அரிது. மண்புழு, மைதா, சோற்றுப் பருக்கை எல்லாம் தின்னும். கூடு காக்கும் நேரத்தில் ஸ்பின்னர் என்னும் சின்னச் சுழல் இரையையும் முட்டித் துரத்தும்.

ஆரால்: சேற்றுக்குள் மூக்கை நுழைத்துத் தேடும். மண்புழுதான் இதற்கு. வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டால் இரைச் சண்டையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

*

மீதிக் கால்வாசியைத் தண்ணீர் தீர்த்துவைக்கும்.

மழை முடிந்த புதிதில் ஏரி செம்மண் கலங்கலாக இருக்கும். முழங்கை ஆழத்தில் இருக்கும் கை நமக்கே தெரியாது. அப்போது ரப்பர் தவளையை வீசிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் கரையிலிருந்த பெரியவர் சொன்னது: “தம்பி, தண்ணி செங்கலங்கலா கீது. உன் ரப்பரு யாரு கண்ணுக்குத் தெரியும்? புழுவைப் போடு.” பையன், “சரிங்க தாத்தா” என்று முள்ளை மாற்றினான். கெளுத்தி வந்தது.

தை, மாசியில் மண் அடங்கி நீர் தெளியும். அல்லி இலைகள் விரியும். அதுதான் செயற்கை இரைக்குக் காலம். பங்குனிக்கு மேல் நீர் வற்றிப் பச்சை பிடிக்கும். விடிகாலையில் நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். அப்படி மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரை எடுக்காது. எந்த இரையும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

*

மண்புழுவை மதிப்புக் குறைத்துப் பேசுகிறவர்களுக்காக.

அது நீருக்குள் இறங்கியதும் இரண்டு செய்திகள் கிளம்புகின்றன: நெளிவின் அதிர்வு, உடம்பிலிருந்து கசியும் சாறு. மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு முதல் செய்தியை வாங்கும்; மூக்கும் மீசையும் இரண்டாவதை வாங்கும். தொழிற்சாலையில் இவ்விரண்டையும் ஒன்றாக, இத்தனை மலிவாகச் செய்ய இன்றுவரை முடியவில்லை.

வாழைத்தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் எருக்குழி அடியிலும் கிடைப்பவை நல்லவை. தேங்காய்த் தொட்டியில் ஈரமண்ணும் மக்கிய இலையும் போட்டு நிழலில் வைத்தால் நாள் முழுக்கத் தாங்கும். வெயிலில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும். முள்ளில் கோக்கும்போது வாலை ஒரு விரற்கடை தொங்கவிட வேண்டும். நெளிய இடமில்லாத புழு செத்த புழுதான்.

*

மாவு உருண்டை உயிர் இரையும் அல்ல, செயற்கை இரையும் அல்ல. கெண்டை வகைக்கு இதுவே அரசன்.

மைதாவை முட்டையோடு பிசைந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. கடலைப் புண்ணாக்கு சேர்த்தால் மணம் தூக்கும். சிலர் பெருங்காயம் சேர்க்கிறார்கள், சிலர் வெல்லம். பதம்தான் முக்கியம்: வீசும்போது முள்ளிலிருந்து கழன்று விழக்கூடாது, மீன் உறிஞ்சும்போது கல்லாகவும் இருக்கக்கூடாது. தூண்டில் போடும் இடத்தில் முன்கூட்டியே ஊறவைத்த புண்ணாக்கையும் தவிட்டையும் கொஞ்சம் தூவிவைத்தால் ரோகு கூட்டமாக வரும். அளவு மிஞ்சினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும். மிச்சம் அழுகி நீரைக் கெடுக்கும்.

*

பட்டு நெய்யும் ஆரணிக்கு வருகிற நூலுக்குப் பின்னால் ஓர் இரை ஒளிந்திருக்கிறது.

தருமபுரிப் பக்கத்திலும் கர்நாடகத்து ராமநகரத்திலும் பட்டுக்கூட்டை வெந்நீரில் இட்டு இழையை உருவிய பிறகு மிஞ்சுவது கூட்டுப்புழு. உலர்ந்த கூட்டுப்புழுவில் ஏறத்தாழப் பாதி புரதம். கால்பங்கு அளவுக்குக் கொழுப்பு. இதை மீன் தீவனத்தில் சேர்ப்பது இந்தியாவிலும் நடக்கிறது. ஜப்பானில் கூட்டுப்புழுத் தூளைத் தூண்டில் மாவில் கலப்பது பழைய வழக்கம். நம் மாவு உருண்டையில் ஒரு சிட்டிகை கலந்தால் போதும்; அந்தக் கொழுப்பு மணம் நீரில் பரவும். ரோகு, மிர்கால், கெளுத்தி மூன்றும் தேடி வரும்.

பட்டுடுத்தும் ஊரில் அந்தப் புழுவின் உடம்பு குப்பைக்குப் போகாமல் இன்னோர் உயிருக்கு உணவாவது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

பட்டுக்கும் தூண்டிலுக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. நைலான் வருவதற்கு முன் ஐரோப்பாவில் தூண்டில் நூல்கள் பட்டில் பின்னப்பட்டவை. முள்ளுக்கு மேலே கட்டும் கண்ணுக்குத் தெரியாத இழை, பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்தே எடுக்கப்பட்டது. கூடு கட்டத் தயாரான புழுவைக் காடியில் ஊறவைத்து, அதனுள்ளிருக்கும் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். ஸ்பெயினின் முர்சியா இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. 1938-இல் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்த பிறகு அந்தத் தொழில் தேய்ந்து மறைந்தது.

ஈ போலச் செய்யும் செயற்கை இரைகளை இன்றும் பட்டிழையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மினுக்கத்துக்கு உலோக இழை சுற்றுவார்கள். நம் ஊர்க் கணக்கில் அது ஜரிகை. முந்தானை அறுத்தபின் மிஞ்சும் நூலும் ஜரிகைத் துண்டும் ஆரணியில் எந்தத் தறிவீட்டிலும் கிடைக்கும். பித்தளை வளையத்தில் சின்ன முள்ளைப் பிடித்து, அரக்கு நிறப் பட்டை உடலாகச் சுற்றி, மேலே ஜரிகையை நாலு சுற்று விட்டுக் கோழி இறகின் மெல்லிய ரோமத்தைக் கழுத்தில் கட்டினால் சிறுகெண்டைகள் வந்து கொத்துகின்றன. ஒன்று கவனிக்க: பட்டு நனைந்தால் நிறம் கறுக்கும். வேண்டிய நிறத்தைவிட ஒரு சாயல் வெளுப்பாக எடுக்க வேண்டும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்யும் மயில்கழுத்துச் சாயலுக்காக இரண்டு நிற இழைகளையும் சேர்த்துச் சுற்றிப் பார்த்தேன். திரும்பும்போதெல்லாம் செதில் போல மின்னுகிறது.

*

செயற்கை இரையைக் கண்டுபிடித்தவர்கள் மீனைக் கூர்ந்து பார்த்தவர்கள்.

அமெரிக்காவில் ஜூலியோ புவல் 1852-இல் கரண்டி வடிவ இரைக்குக் காப்புரிமை பெற்றார். கரண்டி இழுபடும்போது புரண்டு புரண்டு மினுங்கும். சின்ன மீனின் விலாப்புறம் போலத் தோன்றும். பின்லாந்தில் லாரி ரபாலா ஏரி மீனவர். பெரிய மீன் பாய்ந்து வரும்போது கூட்டத்தில் தள்ளாடுகிற ஒரு மீனைத்தான் எடுக்கிறது என்று கவனித்தார். 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி, தள்ளாடி நீந்தும் மீனைச் செய்தார். இன்று அவர் பெயரில் உலகமெங்கும் இரை விற்கிறது.

ரபாலா செதுக்கியதில் சாயத்தைவிட அசைவு பெரிது. கடையில் இரை வாங்குபவர்கள் வண்ணத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். ஒரு தொட்டித் தண்ணீரில் இழுத்துப் பார்த்து வாங்குவது மேல்.

*

ரப்பர் தவளை நம் ஏரிகளுக்கென்றே பிறந்தது போன்ற இரை.

உள்ளே வெற்றிடம். இரட்டை முள்ளின் கூர்கள் மேல்நோக்கி உடலோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் அல்லி இலை, கோரை, ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு எதிலும் சிக்காது. இலைமேல் விழவிட்டு, நிறுத்தி, விளிம்பிலிருந்து நழுவவிட வேண்டும். நழுவும் இடத்தில்தான் விரால் பாயும். சத்தம் கேட்டதும் சுண்டக்கூடாது. விரால் கவ்வி, தலையைத் திருப்பி, கீழே இறங்கும். நரம்பு ஓடுவது கையில் தெரிந்த பிறகு சுண்டினால் முள் உறைக்கும்.

உயிருள்ள தவளையை முள்ளில் கட்டும் பழக்கத்தை விட்டுவிட ரப்பர் தவளை நல்ல காரணம். கொசுவையும் வயல் பூச்சியையும் தின்னும் தவளை ஏற்கெனவே நிறைய இழந்திருக்கிறது. கால்களுக்காக அதை ஏற்றுமதி செய்வதை இந்தியா 1987-இல் நிறுத்தியது. அதே இரக்கம் நம் தூண்டிலிலும் இருக்கட்டும்.

*

உயிர்மீனை இரையாகப் போடுவதென்றால் ஒரு விதி: எந்த ஏரியில் பிடித்தாயோ அந்த ஏரியில் மட்டும் போடு. பக்கத்து ஊர்க் குட்டையில் பிடித்த மீனை வாளியில் கொண்டுவந்து, மீந்ததை இங்கே கொட்டிவிட்டுப் போகிறார்கள். இரக்கம் என்று நினைத்துச் செய்கிறார்கள். நோயும் வேற்று இனமும் ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு இப்படியும் பரவும். வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியின் குஞ்சும் நம் கெளுத்திக் குஞ்சும் பார்வைக்குச் சட்டென்று பிரிபடாது. ஒரு வாளி போதும், ஓர் ஏரி கெட. செயற்கை இரைக்கு இந்த ஆபத்து இல்லை என்பதை அதன் பக்கம் எழுதிவைக்கிறேன்.

அதன் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது: அறுந்து கிடக்கும் நைலான் நரம்பு நீர்க்காகத்தின் காலையும் கொக்கின் இறக்கையையும் சுற்றிக்கொள்ளும், நீரில் விட்ட ரப்பர் மக்காது. அறுந்த நரம்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?

*

சென்னை மாகாண நிருவாகத்தில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். 1887-இல் ஏரி, குளத் தூண்டிலுக்கென்றே ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்று தனிப் புத்தகம் எழுதினார். வெள்ளைக்காரத் தூண்டில்காரர்களின் புகழெல்லாம் மலையாற்று மகசீர் மீனுக்கே போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊர் ஏரிக்குத் தனிப் புத்தகம் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. தமிழில் அப்படி ஒன்று வரவேண்டும். விரால், கெளுத்தி, ஆரால் பற்றி நம் கரைகளில் இருக்கும் அறிவு வாய்ப்பேச்சாகவே போய்விடக்கூடாது.

*

ஏரியில் மீன் பெரும்பாலும் ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். “அண்ணே, ஓரமா ஒரு தூண்டில் போடலாமா?” என்று கேட்டால் பலர் சரி என்பார்கள், கேட்காமல் போட்டால் அது திருட்டு. சாத்தனூர் போன்ற அணைகளில் மீன்பிடி உரிமை மீன்வளர்ச்சிக் கழகத்தினுடையது. அங்கே அனுமதி கேட்டபிறகே பையைத் திறக்க வேண்டும்.

*

சிறு பிள்ளைகளுக்கு முதலில் மண்புழுவையும் தக்கையையும்தான் கொடுக்க வேண்டும். புழு காத்திருக்கச் சொல்லித்தரும். எந்த மீன் வந்தாலும் எதையோ காட்டும். ஒரு மழைக்காலம் அப்படி உட்கார்ந்த பிள்ளை, பிறகு ரப்பர் தவளையைக் கையில் எடுத்தால் அதை எங்கே விழவிட வேண்டும் என்று தானே அறியும். தண்ணீரை வாசிக்காமல் இரைப்பெட்டியை மட்டும் நிரப்புகிறவர்களுக்கு இந்த வழி அடைபட்டுப்போகிறது.

*

எல்லாவற்றையும்விட முக்கியமானது.

மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நீர்மேல் கொத்தாகக் கொப்பளிக்கும். தாய் தகப்பன் கீழே காவல் நிற்கும். சில வாரங்கள் இப்படி. அந்தக் கொத்தின்மேல் ரப்பர் தவளையை வீசினால் விரால் தவறாமல் அடிக்கும். பசியில் அடிப்பதில்லை, குஞ்சை நெருங்கிய பகையை விரட்ட அடிக்கிறது. இதைத் திறமை என்று படமெடுத்துப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய் போன மறுகணமே ஜிலேபியும் கெளுத்தியும் அந்தக் கொத்தை விழுங்கத் தொடங்கும். ஒரு மீனைப் பிடித்து ஒரு தலைமுறையை அழித்துவிடுகிறோம்.

எந்த இரை என்ற கேள்விக்கு என் பதில் மீனுக்கு மீன், தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். இந்த ஒன்றில் மட்டும் மாறாது: செம்மஞ்சள் கொத்தைக் கண்டால் தவளையும் வேண்டாம், புழுவும் வேண்டாம். நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறு கரைக்குப் போவோம். பக்கத்தில் நிற்கிறவரிடமும் சொல்வோம். அடுத்த ஆண்டு ஏரியில் விரால் இருக்க வேண்டுமென்றால் கரையில் நிற்கும் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது இது.