விதைக்கு விட்ட பாத்தி

அசோக் நகர் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் முழம் போட்டு விற்கும் கதம்பத்தில் மல்லிக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே வருகிற மரிக்கொழுந்தைப் பூவென்றுதான் வாங்குகிறோம். அதில் இருப்பது இலையும் தளிரும். இதன் பூ எப்படி இருக்கும் என்று பூக்கட்டும் அக்காவிடம் கேட்டேன். "பூ விட்டுட்டா யாரு சார் வாங்குவாங்க? கோயம்பேட்டுல பச்சையாத்தான் கட்டு வரும். ஓசூர்ப் பக்கத்துச் சரக்கு" என்றார், வாழைநாரில் முடிச்சுப் போட்டபடியே.

மாசியில் ஓசூருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் அந்தப் பூவைப் பார்த்தேன். பொத்தானைப் போலச் சின்னச் சின்ன மஞ்சள் மொட்டுகள். அழகென்று சொல்ல முடியாது. ஆனால் வரப்பில் நடந்தாலே வேட்டி நுனிவரை மணம் ஏறிக்கொள்கிறது. வாசனை எண்ணெய்க்குப் போவதைப் பூ விரிந்த பிறகே அறுக்கிறார்கள். எண்ணெய் அப்போதுதான் கூடுதலாக இறங்கும். மாலைக்குப் போவது அதற்கு முன்பே கட்டாகிவிடும்.

சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். பகலில் நல்ல வெயில், விடிகாலையில் பனி. மரிக்கொழுந்து கேட்பது இவை இரண்டையும்தான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையில் இதன் நாற்று நிற்காது.

நாற்றுவிடும் வேலை அந்தத் தோட்டக்கார வீட்டு அம்மாவுடையது. விதை கடுகைவிடப் பொடி. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 1.5 கிலோ போதும். இரண்டு நாள் ஈரத்துணியில் கட்டிவைத்து, முளை கண்டதும் மணலோடு பிசறித் தூவுகிறார். மணல் சேர்க்காவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்துவிடும். "குடத்துல ஊத்துனா எல்லாம் ஓரமா ஒதுங்கிடும் சார். பூவாளிதான், அதுவும் மெதுவா." அவர் சொன்னதைவிட, காற்றில் கையை அசைத்துக் காட்டிய அளவுதான் எனக்குப் புரிந்தது. மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரல்கள் விரிந்து சுருங்கின.

இந்தப் பயிரின் சிக்கல் விதையில்தான். பழைய விதை முளைக்காது. போன பருவத்து விதையையே இந்தப் பருவத்தில் போட வேண்டும். நல்ல விளைச்சல் கண்ட வருடத்தில் சேர்த்துவைத்துக்கொண்டு பின்னால் எடுக்க வழியில்லை. அதனால் வருடந்தோறும் ஒரு பாத்தியை அறுக்காமல் விடுகிறார்கள். பூத்து, முற்றி, செடி காய்ந்து சித்திரைவாக்கில் விதை கைக்கு வரும். அதுவரை அந்தப் பாத்திக்கும் தண்ணீர், களை, காவல் எல்லாம் உண்டு, காசு கிடையாது. சந்தை கட்டுக்கு விலை போடுகிறது. நாளைய கட்டுக்காக நிற்கிற செடிக்கு யாரும் விலை போடுவதில்லை. இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

விலை ஏறியிருந்த ஒரு வாரம் அந்தப் பாத்தியையும் அறுத்துவிடலாம் என்றாராம் வீட்டுக்காரர். "ஐப்பசியில விதைக்கு யார் வாசல்ல போயி நிக்கறது?" என்று அந்த அம்மா தடுத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் தங்கள் பாத்தியை விற்றுவிட்டு, இவரிடம் ஆளுக்கொரு படி விதைக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள்.