நொகுச்சியின் மேசை

பால் வற்றிய இறப்பர் மரத்தைத் தோட்டம் கைவிடும், தச்சன் கைவிடான். கரவனெல்லத் தோட்டப்புறத்தில் வாழ்வோர்க்கு மரம் மேசையாகும் கதை புதிதன்று. ஆயினும், ஒரு மேசை தன்னை ஆக்கியவனின் வாழ்வையே தாங்கி நிற்பதும் உண்டு. சிற்பி இசாமு நொகுச்சியின் கோப்பி மேசை அத்தகையது.

யப்பானியக் கவிஞருக்கும் அமெரிக்கத் தாய்க்கும் 1904இல் லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர் நொகுச்சி. யப்பானில் அவர் அந்நியர்; அமெரிக்காவிலும் அந்நியரே. 1942இல் யப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, நியூயோர்க் வாசியான அவருக்கு அக்கட்டாயம் இருக்கவில்லை. எனினும், தாமாகவே அரிசோனாப் பாலைவனத்து முகாமுக்குச் சென்றார். வெளியேற விரும்பியபோதோ வாயில் எளிதில் திறக்கவில்லை. அங்கிருக்கையில், தாம் முன்னர் வடிவமைத்த மேசையின் சாயல் பிறர் பெயரில் விளம்பரமாகியிருக்கக் கண்டார். அதற்கு மறுமொழியாகப் புதியதொரு மேசையை ஆக்கினார். 1947இல் ஹேர்மன் மில்லர் நிறுவனம் அதனை உற்பத்தி செய்யலாயிற்று.

ஒரே வடிவான இரு வளைந்த மரத்துண்டுகள். அவற்றுள் ஒன்று தலைகீழாய் நின்று மற்றதனோடு இணைகின்றது. மேலே கனத்த கண்ணாடிப் பலகை. தனித்து நிற்கவியலாத துண்டுகள் இணைந்து பாரம் தாங்குகின்றன.

ஈருலகத்தார் என்பதால் ஐயுறப்பட்டோர் இலங்கைத் தோட்டங்களிலும் வாழ்ந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே உரிமை வழங்கியது. அவர்தம் சந்ததியினர்க்கு அம்மேசை உணர்த்துவது ஒன்றுண்டு: மூதாதையர் மண்ணும் பிறந்த மண்ணும் ஒருவரிடத்தே முரண்பட வேண்டியதில்லை, ஒன்றையொன்று தாங்கியே அவரை நிறுத்தலாம்.