பங்காருபாளையத்து மாந்தோப்பில்

சென்ற ஜூன் மாதத்தில் பத்து நாள் விடுப்புப் பெற்று, மனைவி மக்களுடன் பங்காருபாளையம் சென்று வந்தோம். இரயில்வே குமாஸ்தாவாகிய நமக்குப் பயணச் சலுகை உண்டாயினும், பிறந்த ஊருக்கு இரயில் இல்லை. காட்பாடியில் வண்டி மாறிச் சித்தூரில் இறங்கி, பலமனேர் சாலையில் பேருந்து ஏறினோம். வழியெங்கும் மாந்தோப்புகள். கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளின் வாயிலில் வரிசையாகக் காத்து நின்றன.

சித்தூர் ஜில்லா 1911ஆம் ஆண்டு ஏற்பட்டது. அதற்கு முன் இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது; 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே நம் போன்ற குடும்பங்களில் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் வழங்கும். ஆனால் தோப்பில் ஆடிய கிட்டிப்புள்ளுக்கு இரு மொழியும் ஒன்றே.

ஆட்டத்தை அறியாத இளைஞர் பொருட்டுச் சொல்லுகிறோம். நீண்ட கோல் கிட்டி. இரு முனையும் சீவிய சிறு கட்டை புள். முனையைத் தட்டிப் புள்ளை எழுப்பி, அது நிலம் தொடுமுன் ஓங்கி அடிக்க வேண்டும். விழுந்த தொலைவைக் கிட்டியால் அளப்பதே கணக்கு. தோற்றவன் புள் விழுந்த இடத்திலிருந்து ஒரே மூச்சில் பாடிக்கொண்டு குழிவரை ஓடிவர வேண்டும்.

நமக்குப் பத்து வயது இருக்கும். எதிராளி பக்கத்துத் தோப்புக் காவற்காரரின் மகன். நம் உயிர்த் தோழன். ஒருநாள் அவன் ஓங்கி அடித்து, எண்பது கிட்டி என்று கணக்குச் சொன்னான். ஐயமிருந்தால் அளந்து பார் என்றான். நாம் அளவாமலே, பொய்க்கணக்கு என்று கூவிக் கிட்டியைக் கிணற்றில் எறிந்துவிட்டு வீடு திரும்பினோம்.

பாட்டனார் செய்தியறிந்து, "அவன் சொன்ன கணக்கு நெசமாடா, பொய்யா?" என்று கேட்டார்.

"நெசந்தான் தாத்தா."

"அப்போ காலையிலே போய் ஓடிட்டு வா."

நாம் போகவில்லை, நாணம் தடுத்தது. மாங்காய்ப் பருவம் முடிந்ததும் அக்குடும்பம் பெங்களூருக்குப் பிழைக்கச் சென்றுவிட்டது. அத்தோழனை இன்றளவும் நாம் காணவில்லை. ஆட்டத்தில் இழந்தது எண்பது கிட்டி. ஓடாமையால் இழந்ததற்கு அளவுகோல் இல்லை.

இம்முறை அதே தோப்பில் நம் மகன் ஊர்ப் பிள்ளைகளோடு ஆடினான். நகரப் பள்ளியில் பேஸ்பால் பயிலும் அவனுக்குத் தன் கைத்திறத்தில் பெருமிதம் அதிகம். மூன்று முறை வீசியும் புள் கிட்டியில் படவில்லை. முகம் சிவந்து, கோலை எறியக் கை ஓங்கினான். அருகில் அழைத்து அவன் அறிந்த ஆட்டத்தையே நினைவூட்டினோம். அமெரிக்காவில் டெட் வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற வீரர், 1941ஆம் ஆண்டில் 456 ஆட்ட முறைகளில் 185 முறை வெற்றி அடி அடித்தார். எஞ்சிய 271 முறை அவருக்கும் அடி வாய்க்கவில்லை. அவ்வாண்டே அவரது தலைசிறந்த ஆண்டு!

பிறகு நம் கிணற்றுக் கதையையும் மறையாமல் சொன்னோம். சிறுவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர் எழுந்து சென்று, பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்க, மூச்சடக்கி ஓடினான். அன்று மாலை அவர்களோடு ஒரே மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று கொண்டிருந்தான்.

அன்பர்களே, விடுமுறையில் பிள்ளைகளைச் சொந்த ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்கள் தோற்கவும் சிறிது இடம் கொடுங்கள்.