ஒன்பதாவது கேள்வி

கல்லூரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு என் அறைக்கு வருபவர்கள் குறைவு. அரியர் ஏறிவிட்டது, அட்டெண்டன்ஸ் போதவில்லை, ராத்திரி தூக்கமில்லை, தலைவலி விடவில்லை என்றுதான் வருவார்கள். சிலரைத் துறைத்தலைவர் அனுப்பியிருப்பார். சிலரை அறைத்தோழி கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள்.

எடுத்தவுடன் நான் படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. “காலையில மெஸ்ல என்ன சாப்பிட்ட?” என்பேன். “மெஸ்ஸுக்கே போகல மேம்.” “நேத்து?” பதில் வராது. எழுந்து, பல் துலக்கி, படியிறங்குவதே பெரும்பாடாகிவிட்ட பிள்ளையிடம் ‘மனச தைரியமா வச்சுக்கோ’ என்று சொல்லி என்ன பயன்? முதல் வாரத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தினம் ஒருவேளையாவது மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உற்சாகம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. செய்யச் செய்யத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

மனச்சோர்வை அளவிட பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறோம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் கூட்டுத்தொகையைவிட, எந்தக் கேள்வியில் பேனா தயங்கி நிற்கிறது என்பதையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அது ஒன்பதாவதில். சாவைப் பற்றிய, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றிய கேள்வி அது.

அதில் 0 என்று குறித்திருந்தாலும் வாயாலும் கேட்பேன். “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பேராசிரியர்கள் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நான் பார்த்ததும் அப்படியில்லை. கேட்டதும் தோள்கள் தளர்ந்து, பிள்ளை அழ ஆரம்பிக்கும். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?’ என்று மட்டும் கேட்கக்கூடாது. ‘இல்லை’ என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

‘ஆமாம்’ என்றால் என் முகம் மாறக்கூடாது. அறிவுரை கூடாது, ‘அம்மாவ நெனச்சுப் பாரு’ கூடவே கூடாது. ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைப்பவருக்கு அது இன்னொரு குற்றவுணர்ச்சி. எப்படி, எப்போது என்று யோசித்ததுண்டா, ஆபத்தான எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இன்றிரவு யார் உடனிருப்பார் என்று நிதானமாகக் கேட்பேன். அந்தப் பிள்ளையைத் தனியாக அறைக்கு அனுப்ப மாட்டேன். நீ சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் சொல்வேன், யாரிடம் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம் என்று முதல் சந்திப்பிலேயே பேசிக்கொள்வோம். போலீஸ் கேஸாகுமோ என்ற பயம் பலருக்கு இன்னும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

பெற்றோரிடம் பேசுவது தனி வேலை. “கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தோமே மேடம், என்ன குறை?” கோபம் போலத் தெரியும், உள்ளே இருப்பது பயம். மனநல மருத்துவர் தரும் மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பத்தே நாளில் ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சரியானதும் தாமாக நிறுத்துவது இன்னும் ஆபத்து.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் ஆலோசகர் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியது. நியமனம் மட்டும் போதாது. முதல்வர் அறைக்கு எதிரே ஆலோசனை அறை இருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட மாணவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். இதைப் படிக்கும் மாணவர் யாருக்காவது அந்த ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்பது பதிலானால், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.