மாணவன் கையில் பேரேடு

"படிக்கின்ற பிள்ளைக்கு வியாபாரம் எதற்கு?" என்று கேட்போர் இரு வகையினர். பிள்ளையின் தேர்வை எண்ணிக் கவலைப்படுவோர் ஒரு வகை. பிள்ளையின் பிறப்பை எண்ணி முகம் சுளிப்போர் மற்றொரு வகை. முன்னவர்க்கு மறுமொழி சொல்வது நம் கடமை. பின்னவர் கேட்பது கேள்வியா? வேலி!

இரு வகையினரையும் நேரில் கண்டவன் நான். என் தந்தையார் சென்னிமலையிலே கூலிக்குத் தறி நெய்தவர். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கையில், அவ்வூர்ப் போர்வைகளை வாங்கிவந்து விடுதி அறைகளில் விற்கத் தொடங்கினேன். முதல், 6,000 ரூபாய். "நெய்கிறவன் மகன் விற்கக் கிளம்பலாமா? அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே!" என்றார் உறவினர் ஒருவர். பகைவரல்லர், பரிவோடுதான் சொன்னார். நெய்கிறவன் நெய்துகொண்டே இருக்க, விற்கிறவன் விற்றுக்கொண்டே இருக்க, இடையிலே விளைகின்ற இலாபம் எந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பதை அந்தப் பரிவு ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் தோழர்களிலேயே சிலர் ஐயுறுகின்றனர்: "படிப்போடு தொழிலும் என்றால், அது குலக்கல்வி அன்றோ?" நல்ல ஐயம், நம் வரலாறு தந்த ஐயம். 1953ஆம் ஆண்டு இராசாசி அவர்களின் ஆட்சி, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் நேரத்தைச் சுருக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. வண்ணார் மகன் வெளுக்க, குயவர் மகன் வனைய, மற்றவர் மகன் மட்டும் படித்து முன்னேற! நாடு கொதித்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்து அத்திட்டத்தைக் கைவிட்டார். அங்கே தொழிலைத் தீர்மானித்தது தொட்டில். பட்டப் படிப்பை விடாமலே, தந்தை நுழைய முடியாத சந்தைக்குள் மகன் தன் விருப்பத்தால் நுழைவது, அந்தத் தொட்டிலை உடைக்கிற வேலை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

இன்னொரு வாதமும் உண்டு. "பெரியார் கல்லூரிக்கா போனார்? ஜி.டி. நாயுடு பட்டமா வாங்கினார்? படிப்பை விட்டுவிட்டுத் தொழிலில் குதி!" என்று இளைஞர்க்கு உருவேற்றுகிறார்கள். பெரியார் பள்ளியை இளமையிலேயே விட்டு, பன்னிரண்டு வயதளவில் ஈரோட்டு மண்டியில் அமர்ந்தார், உண்மை. அது தந்தையின் மண்டி. சரக்கும் இருந்தது, சந்தையில் பெயரும் இருந்தது. நாயுடுவோ 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டித் தொடங்கியவர். அவரே பின்னாளில், 1945இல், கோவையில் தொழிற்கல்விக் கூடம் எழக் காரணமாக நின்றார் என்பதை ஏனோ இவர்கள் சொல்வதில்லை. வென்ற ஒருவரைக் காட்டுகிறார்கள். தோற்றுப்போய்ப் படிப்பும் இன்றிப் பணமும் இன்றி நின்றவர்க்கு ஏது சிலை?

ஏழை மகனுக்குத் தோல்வியைத் தாங்கும் சொத்து அவன் பட்டம் ஒன்றே. கடன் கேட்டு நான் ஏறிய ஒரு படிக்கட்டில், "உங்கள் வீட்டில் இதற்குமுன் யார் கடை வைத்திருந்தார்கள்?" என்று கேட்டார்கள். யாருமில்லை; அதனால்தானே வந்தேன்! முதல் தலைமுறைத் தொழில்முனைவோர்க்கென 2012இல் தமிழ்நாட்டரசு மானியத் திட்டமொன்று தொடங்கியபோது, அது கேட்டது பாட்டனாரின் கடைப் பலகையை அன்று. பட்டமோ, பட்டயமோ, தொழிற்பயிற்சிச் சான்றோதான் கேட்டது.

நேரக் கணக்குக்கு வருவோம். நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டுமென்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. ஆகவே பகல் கல்லூரிக்கு. மாலையும் ஞாயிறும் கடைக்கு. நாள்தோறும் கெடும் சரக்கு, நாள்தோறும் காத்திருக்கும் வாடிக்கையாளர் இவை மாணவனுக்கு ஆகா. போர்வை பொறுத்திருக்கும், தேர்வு மாதத்தில் கட்டி மூலையில் வைத்தால் முனகாது! பழமும் பாலும் பொறுக்குமா?

கடன்தான் கொடியது. பதினெட்டு நிறையாதவன் செய்த ஒப்பந்தம் அவனைக் கட்டாது. நிறைந்த மறுநாளே அவன் கையெழுத்து அவன் கழுத்தைப் பிடிக்கும். தனி ஒருவராய் நடத்தும் கடையில் கடை வேறு, வீடு வேறு என்ற சுவர் கிடையாது. கடைக்கடனுக்கு வீட்டுப் பொருளும் பொறுப்பு. கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கல்லூரி வாயிலில் மீட்டர் வட்டிக்காரரின் இரு சக்கர வண்டி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கையிருப்பு எவ்வளவோ அவ்வளவே சரக்கு என்று வைத்துக்கொண்டேன். மெதுவாகத்தான் வளர்ந்தது. வளரட்டுமே!

ஒன்று சொல்ல மறக்கலாகாது. முதல் விற்பனைக்கு நாள் பார்க்கச் சொன்னார் என் அத்தை. வகுப்பு முடிவது மூன்று மணிக்கு, கிடைத்தது செவ்வாய்க்கிழமை. மூன்றிலிருந்து நாலரை வரை முழு இராகுகாலம்! அந்நேரத்திலேயே பதினோரு போர்வைகள் விற்றன. இராகு வந்து பங்கு கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் பேரேட்டைத் தந்தையார் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவர். வாங்கிய விலை, வண்டிக் கூலி, விற்ற விலை, இலாபம் என நான்கு பத்திகளையும் விரலால் தடவிக்கொண்டே போனவர், "இதில் நெய்தவன் கூலி எங்கேப்பா?" என்று கேட்டார். அது வாங்கிய விலைக்குள் அடங்கிவிட்டது என்றேன். ஒரு போர்வைக்கு எத்தனை மணி நேரம், அதற்கு எத்தனை ரூபாய் என்று அவர் சொல்லச் சொல்ல, ஐந்தாவது பத்தி ஒன்றைக் கோடிட்டேன். அடுத்த மாதச் சரக்கை, அந்தக் கூலியை உயர்த்தித் தர இசைந்த கூட்டுறவுச் சங்கத்திடம் வாங்கினேன். போர்வைக்குப் பதினைந்து ரூபாய் கூடுதலாயிற்று. வாடிக்கையாளர் இருவர் விலகினர், மற்றவர் வாங்கினர்.